குடும்பக் கப்பலில் இன்மை: ஒரு தருக்க ஆராய்ச்சி

பாயிரம்

கடல்வழியே போகிறவன் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் விதி செய்திருக்கிறது. தலைவன் மரக்கலம் ஏறுவான், தலைவி கரையில் இருப்பாள், பிள்ளை குட்டி என்ற பேச்சே அங்கு எழாது. மணிமேகலையில் சாதுவன் கப்பலேறியபோதும் ஆதிரை புகாரில்தான் இருந்தாள். ஆகவே நம் இலக்கண மரபின்படி கடலில் செல்ல முழுத்தகுதி உடையவர், குடும்பத்தைக் கரையில் நிறுத்திவிட்டுத் தனியே வரும் வளர்ந்த ஆள் ஒருவரே. மனைவி, மக்கள், தள்ளுவண்டி, பால்புட்டி சகிதம் கடலில் இறங்குவது பிற்காலத்து வழு. நாளடைவில் அது வழுவமைதியாகி, இன்று அதுவே மரபு என்னும் நிலைக்கு வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல், பழைய உரிமையாளரைப் பார்த்து "உமக்கு இங்கே என்ன வேலை?" என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. குடும்பங்களுக்கென்றே ஓடும் உல்லாசக் கப்பலில், பிள்ளையில்லாமல் வந்து ஏறும் பெரியவருக்கும் வசதி செய்ய வேண்டுமா என்பது அக்கேள்வியின் நாகரிக வடிவம். அதுவே இக்கட்டுரை நுதலிய பொருள்.

ஆய்வுக்களமாக டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்கள் கொள்ளப்படுகின்றன. குடும்பக் கப்பல் என்னும் சொல்லுக்கு அவற்றை விடப் பொருத்தமான இலக்கியம் கிடைப்பது அரிது. 1998-இல் டிஸ்னி மேஜிக், 1999-இல் வொண்டர், 2011-இல் டிரீம், 2012-இல் ஃபேன்டசி, 2022-இல் விஷ் என்று வரிசை நீண்டு, இப்போது சிங்கப்பூருக்கென ஏறத்தாழ 6,700 பேர் கொள்ளும் அட்வெஞ்சர் வரை வந்திருக்கிறது. இக்கப்பல்களில் சூதாட்டக்கூடம் கிடையாது. ஊதொலி கூடத் திரைப்படப் பாட்டின் மெட்டில்தான் எழும். உயிர்காப்புப் படகுகளுக்கு வழக்கமான ஆரஞ்சு வண்ணம் வேண்டாம், மிக்கி எலியின் காலணிக்கு ஒத்த மஞ்சளே வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் தனி அனுமதி பெற்றுப் பூசியிருக்கிறார்கள். மூழ்கும்போதும் கருப்பொருள் கெடக்கூடாது என்னும் இந்த உறுதிப்பாடு இலக்கண ஆசிரியர்களுக்கே உரியது. இவ்வளவு கண்டிப்பான ஓரிடத்தில் பிள்ளையற்ற பெரியவருக்கு இடம் உண்டு என்று நிறுவிவிட்டால், மற்றக் கப்பல்களைப் பற்றித் தனியே வாதிட வேண்டியதில்லை.

சொல்லாராய்ச்சி

"பிள்ளை இல்லாத பெரியவர்" என்ற தொடரில் ‘இல்லாத’ என்பதற்குப் பொருள் யாது? இதைத் தெளிவாக்காமல் வாதத்தில் இறங்குவது ஆழம் பாராமல் நங்கூரம் போடுவதற்கு ஒப்பு. நம் ஊரில் இச்சொல் தைக்கும் முள்ளும் ஆகும், கல்யாண வீட்டுப் பந்தியில் "எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வியில் எத்தனை பேர் இலையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. எனவே சொல்லை மக்களிடமிருந்து வாங்கித் தருக்க நூலாரிடம் ஒப்படைப்பது நலம். அவர்கள் இன்மையைப் பற்றி யாரையும் புண்படுத்தாமல் பல நூற்றாண்டுகள் பேசியவர்கள். அவர்களுக்கு எடுத்துக்காட்டு எப்போதும் ஒரு குடமும் கொஞ்சம் நிலமும்தான்.

குடம் இன்னும் வனையப்படவில்லை என்றால் அது முன் இன்மை. உடைந்துபோனபின் இல்லை என்றால் அழிவுபாட்டு இன்மை. ஓரிடத்தில் என்றுமே இல்லை என்றால் முழுதின்மை. குடம் துணியன்று, துணி குடமன்று என்றால் ஒன்றில் ஒன்று இன்மை. கப்பலின் ஏணிப்படியில் நின்று வருவோரைக் கவனித்தால் இவை அனைத்தையும் காணலாம். தேனிலவுக்கு வரும் இளந்தம்பதி முன் இன்மையர். மகன் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாக இருக்க, ஓய்வூதியத்தில் பயணம் புறப்பட்ட மூத்த தம்பதியை இரண்டாம் வகையில் வைக்கலாம். உடைந்தது குடமன்று, அது வீட்டில் இருந்த காலம்தான் என்று மட்டும் திருத்திக்கொள்க. பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்தவரும், வேண்டியும் வாய்க்காதவரும் முழுதின்மையர். இருவரையும் கப்பல் ஒரே கட்டணத்தில் ஏற்றுக்கொள்கிறது, காரணம் கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் கப்பல் நம் கல்யாணப் பந்தியை விடப் பண்பட்டது. நாற்பது வயதில் எலிக்காது வைத்த தொப்பியணிந்து ஏறுகிறவர் நான்காம் வகைக்குச் சிக்கல் தருகிறார். பெரியவர் பிள்ளையல்லர் என்ற விதி அவரிடம் முழுதும் செல்லுபடியாவதில்லை.

தருக்க நூலாருள் சிலர் இந்நான்கோடு ஐந்தாவதாகக் கால இன்மை என்று ஒன்றையும் கூறுவர். நிலத்தில் இருந்த குடத்தை ஒருவர் எடுத்துப் போகிறார், சற்று நேரம் கழித்துக் கொண்டுவந்து வைக்கிறார். இடைப்பட்ட பொழுதில் அந்நிலத்தில் குடம் இல்லை. ஆனால் குடம் உடையவும் இல்லை, பிறக்காமலும் இல்லை. இது ஓர் இன்மையாகுமா என்று பண்டிதர்கள் கருத்து வேறுபட்டிருந்தார்கள். அது இன்மைதான், அதுவும் மிகப் பயனுள்ள இன்மை என்று செய்து காட்டியவர் குடும்பக் கப்பல் கட்டியோரே. இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஐந்தாம் வகைமேல் நிற்கிறது.

சான்று

டிஸ்னி கப்பல்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் காப்பகம் உண்டு. மூன்று முதல் பத்து வயதுவரை ஒரு கூடம், பதினொன்று முதல் பதினான்குவரை இன்னொன்று, பதினான்கு முதல் பதினேழுவரை மற்றொன்று. இம்மூன்று கூடங்களுக்கும் தனிக்கட்டணம் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம் வகுத்தார். உலாப் பாடியவர் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவம் வகுத்தார். கப்பலார் வகுத்தவை நான்கு. பதினெட்டை எட்டியவருக்கு அதன்பிறகு வயதுவாரியாக யாதொரு கூடமும் இல்லை. பதினெட்டு முதல் இறுதிவரை ஒரே பருவம், அதற்குப் பெயர் பெரியவர். பருவப் பாகுபாட்டில் இத்தனை நுணுக்கம் காட்டியவர்கள் இங்கு வந்து கைவிட்டது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இப்போது இக்கூடங்களின் பயனைக் கருதுக. பிள்ளைகள் அங்கே விளையாடும்போது அவர்களுக்கு நடப்பது விளையாட்டு. அதே நேரத்தில் கப்பலின் வேறொரு தளத்தில் பெற்றோருக்கு நடப்பது கால இன்மை. ஒரு கூடத்தில் நூறு பிள்ளைகள் சேர்ந்தால், மேல்தளங்களில் இருநூறு பேர்வரை பிள்ளையற்ற பெரியவராக மாறிவிடுகிறார்கள். அதாவது குடும்பக் கப்பல் என்பது பிள்ளையற்ற பெரியவரை நாள்தோறும் மொத்தமாக உற்பத்தி செய்யும் ஆலை. இதற்கு மறுக்க முடியாத சான்று இரவு உணவுக்கூடத்தில் உள்ளது. பிந்திய பந்தியில் உண்ணும் சிறுவர்களுக்கு உணவை முதலில் பரிமாறிவிடுவார்கள். அவர்கள் உண்டு முடித்ததும் கூடத்துப் பணியாளர்களே பந்திக்கு வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவார்கள். பெற்றோர் மிச்ச உணவை ஆற அமர உண்ணலாம். குடத்தை எடுத்துப் போவோர் சீருடையில் வந்து, பெயர் சரிபார்த்து, கையெழுத்துப் போடாத குறையாக எடுத்துப்போகும் காட்சி தருக்க நூலார் கனவிலும் காணாதது. முற்பாதியில் குடும்ப விருந்தாக இருந்த அதே மேசை, பிற்பாதியில் பெரியவர் விருந்து ஆகிவிடுகிறது. பக்கத்து மேசையில் பிள்ளையே இல்லாத தம்பதி இருந்தால், இனிப்பு வரும் வேளையில் இரு மேசைகளுக்கும் வேறுபாடு காண்பது அரிது.

உற்பத்தியான பெரியவரைக் கொண்டுவைக்க இடம் வேண்டுமே! அதற்காகத்தான் முதற்கப்பலிலேயே பாலோ என்ற இத்தாலிய உணவகத்தைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கென ஒதுக்கினார்கள். டிரீம், ஃபேன்டசி கப்பல்களில் ரெமி என்ற பிரெஞ்சு உணவகமும் சேர்ந்தது. எலி சமைக்கும் திரைப்படத்தின் நாயகன் பெயரைத் தாங்கிய அவ்வுணவகத்தில் சிறுவருக்கு அனுமதி இல்லை என்பது கருப்பொருள் ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டிய முரண். பெரியவர் மட்டும் இறங்கும் நீச்சல்குளம் உண்டு. இரவில் பெரியவருக்கு மட்டுமே திறக்கும் கேளிக்கைக் கூடங்கள் உண்டு. பதினெட்டு வயதில் உள்ளே நுழையலாம், ஆனால் மது கேட்டால் இருபத்தொன்றுவரை பொறுக்க வேண்டும். பஹாமாஸில் கோர்டா கே என்று முன்பு வழங்கிய தீவைக் காஸ்ட்அவே கே என்று பெயர் மாற்றி, அதிலும் பெரியவருக்கென ஒரு கடற்கரையைப் பிரித்தார்கள். இவை எல்லாம் பிள்ளையில்லாதவர் மனுக் கொடுத்துப் பெற்றவை அல்ல. பெற்றோர் தேவைக்காக முதல் நாளிலிருந்தே இருப்பவை. எனவே முதற்கேள்வியின் பாதி இப்போதே கரைந்துவிடுகிறது: பிள்ளையற்றவருக்குப் புதிதாக இடம் கட்ட வேண்டியதில்லை, கட்டி வைத்த இடத்தின் வாசலில் "உங்கள் பிள்ளை எங்கே?" என்று கேட்காமல் இருந்தால் போதும்.

கணக்கியல் சான்று இன்னும் வலியது. விஷ் கப்பலில் 1,254 அறைகள். கப்பல் தொழிலார் ஓர் அறைக்கு இருவர் என்று எண்ணி, அதன் கொள்ளளவை 2,508 என்பர். ஆனால் அது 4,000 பேர்வரை ஏற்றும். எஞ்சிய ஏறத்தாழ 1,500 பேர் எங்கே உறங்குகிறார்கள்? சோபாவிலும், கூரையிலிருந்து இறங்கும் படுக்கையிலும், பெரும்பாலும் பிள்ளைகளாக. இதனால் இத்தொழிலில் மட்டும் பாத்திரம் நூற்றுக்கு நூறுக்கு மேலும் நிரம்பும். நமக்கு வேண்டிய செய்தி வேறு: கப்பலை அளக்கும் மரக்கால் ஓர் அறையில் இரண்டு பேர், அதாவது தம்பதி. குடும்பக் கப்பலும் அந்த மரக்காலால்தான் அளக்கப்படுகிறது, பிள்ளைகள் அதன்மேல் குவிந்து நிற்கும் கும்பாச்சி. கட்டணமும் இவ்வாறே. முதல் இருவர் முழுக்கட்டணம் செலுத்த, மூன்றாமவரும் நான்காமவரும் பொதுவாகக் குறைத்தே செலுத்துவர். தனியே வரும் ஒருவரோ பல கப்பல்களில் வராத இரண்டாம் ஆளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். இன்மைக்கு ரொக்கம் கொடுத்தவருக்கு இருப்பதில் பங்கு கேட்கும் உரிமை இல்லையென்று எந்த நீதிநூலும் சொல்லாது.

இதனோடு பள்ளிக்கூட மணியையும் சேர்க்க வேண்டும். செப்டம்பரில் அமெரிக்கப் பள்ளிகள் இயங்குகின்றன. ஜனவரியில் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள். கப்பலுக்குப் பள்ளி விடுமுறை தெரியாது. எஞ்சின் ஓட வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் போக வேண்டும், துறைமுகக் கட்டணம் காலண்டர் பார்த்துக் குறைவதில்லை. கோடையிலும் கிறிஸ்துமஸிலும் குடும்பங்கள் கொடுக்கும் உயர்ந்த கட்டணத்தால் மட்டும் ஆண்டு முழுவதும் கப்பலை மிதக்க வைக்க முடிந்திருந்தால், இலையுதிர் காலத்தில் விலையைக் குறைக்க வேண்டிய தேவை என்ன? அந்த மாதங்களில் அறைகளை நிரப்ப வருகிறவர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்படாதவர்: பள்ளி வயது எட்டாத குழந்தைகளின் பெற்றோர், தேனிலவினர், ஓய்வு பெற்றோர், பிள்ளையற்றோர். பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாதங்களில் பிள்ளைகளின் கப்பலை அவர்களுக்காகக் காத்து வைத்திருப்போரில் பிள்ளையற்றவரும் உண்டு என்று கொள்க.

தடையும் விடையும்

எலியும் வாத்தும் ஆடும் கப்பலில் பிள்ளையில்லாதவருக்கு என்ன சுவை கிட்டும் என்று ஒருவர் தடை எழுப்பலாம். இதற்கு முதல் விடை கப்பலின் தலைவர் வரலாற்றிலேயே உள்ளது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்ட படத்தில் மிக்கி அறிமுகமானது ஒரு நீராவிப் படகில். அன்று தொட்டு இன்றுவரை மிக்கி பிள்ளையற்ற பெரியவர். மின்னியும் அவ்வாறே. டொனால்ட் வளர்க்கும் மூன்று வாத்துக்குஞ்சுகளும் அவருடைய சகோதரியின் மக்கள். நம் முறைப்படி அவர் தாய்மாமன். முக்கியப் பாத்திரங்களில் பிள்ளை பெற்றவர் கூஃபி. அவரை டிஸ்னி மேஜிக் கப்பலில் எங்கே வைத்திருக்கிறார்கள்? கப்பலுக்கு வெளியே, பின்புறத்தில், கயிற்றில் தொங்கவிட்டு வண்ணம் பூச வைத்திருக்கிறார்கள். சிலையாயினும் இதை ஒரு குறிப்புப் பொருளாகக் கொள்ளலாம்.

இரண்டாம் விடை நம் இலக்கியத்தில் உள்ளது. பிள்ளைமையைப் பாட முழுச்சிற்றிலக்கியம் ஒன்றையே ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. அவ்வகையின் முடிமணிகளாகக் கருதப்படும் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழையும் இயற்றிய குமரகுருபரர் துறவி. குழந்தையின் தளர்நடையைச் சொல்லச் சொந்தக் குழந்தை வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், அந்நூல்களை இழந்திருப்போம். குழந்தைமையில் திளைப்பதற்கு வேண்டியது குழந்தையை நோக்கும் கண். சொல்லப்போனால், சொந்தப் பிள்ளை எப்போது கம்பியில் ஏறும், எப்போது கழிப்பறை கேட்கும் என்று பதைக்கும் பெற்றோரை விட, ஓரமாக நிற்கும் மாமனும் அத்தையும் அணிவகுப்பை முழுதாகப் பார்க்கிறார்கள். குடும்பம் என்ற சொல் தாய், தந்தை, பிள்ளை மூன்றில் முடிந்துவிடும் என்போர், மாமன் மடியில் உட்காராமல் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்குக் காது குத்தப்பட்டது என்று விசாரித்து அறிக.

பெரியவருக்கென்றே கப்பல்கள் இருக்கின்றனவே, அங்கே போகலாமே என்பது அடுத்த தடை. உண்மை. வைக்கிங் கப்பல்களிலும், 2021 முதல் ஓடும் வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர் ஏற முடியாது. ஆனால் அங்கே விற்கப்படுவது முழுதின்மை. அடுப்பங்கரையிலும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் தேடினாலும் குடம் கிடைக்காது. சிரிப்பொலி தூரத்தில் கேட்க வேண்டும், ஆனால் தன் காதுக்குள் கேட்கக்கூடாது என்று விரும்புகிறவருக்கு அது மருந்தாகாது. அளவான இன்மையைத் தேடுவோர் பலர் என்பதற்கு மற்ற நிறுவனங்களே சாட்சி. ராயல் கரீபியன் கப்பல்கள் பிள்ளைகளுக்குச் சறுக்குகளும் குளங்களும் கட்டிக்கொண்டே பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்குச் சோலாரியம் வைக்கின்றன. கார்னிவல் கப்பல்கள் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டோருக்குச் செரினிட்டி என்ற தளத்தை வைக்கின்றன. ஒரே கடலில் ஒருவர் பெரியவர் ஆவது ஒரு கப்பலில் பதினாறிலும், இன்னொன்றில் பதினெட்டிலும், மற்றொன்றில் இருபத்தொன்றிலும் என்றால், வரம்பு எங்கே என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. வரம்பு வேண்டும் என்பதில் மட்டும் ஒருவருக்கும் ஐயமில்லை.

பெரியவருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு சதுர அடியும் பிள்ளையிடமிருந்து பறித்தது என்பாரும் உளர். அப்படியானால் பதினான்கு வயதினரின் கூடத்தில் நாற்பது வயதினர் எவரும் போய் உட்காரவும் முடியாதே, அது யாரிடமிருந்து பறித்தது? கூடம் ஒதுக்குவது பிள்ளைக்கு உரிமை என்றால் பெரியவருக்கும் உரிமையே. மேலும் இரவுக் கேளிக்கைக் கூடம் பெரியவருக்காகத் திறந்திருக்கும் வேளையில், பெரும்பாலான பிள்ளைகள் கனவில் வேறொரு கப்பலில் போய்க்கொண்டிருப்பார்கள். உறங்குகிறவரின் இடத்தை விழித்திருப்பவர் பயன்படுத்துவது பறிப்பாகாது. அது கப்பற்கலையில் பழைய சிக்கனம்.

இறுதித் தடை கனமானது, அதில் பாதியை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள். இன்று ஒரு குளம் கேட்பவர் நாளை கப்பல் முழுதும் மௌனம் கேட்பார் என்பது அது. இங்கே எல்லை கட்டுவது ஆய்வாளர் கடமை. பிள்ளையோடு வராதவர் தமக்கென ஒதுங்க ஓர் இடம் கேட்கலாம்; மற்ற இடங்களில் அமைதி கேட்கக் கூடாது. காலை உணவில் பால் சிந்தியது, மின்தூக்கியில் எல்லாப் பொத்தான்களும் அழுத்தப்பட்டன, நீர்ச்சறுக்கின் அடியில் கூச்சல் என்று புகார் எழுதுவது, மீன் சந்தையில் நின்று வாடை அடிக்கிறது என்பது போன்றது. வேடதாரிகளோடு படம் எடுக்கும் வரிசையில் ஐம்பது வயதினர் நான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்கலாமா என்றும் கேட்பர். நிற்கலாம், வரிசைக்கு வயதில்லை. ஆனால் அணிவகுப்பிலும் வாணவேடிக்கையிலும் கம்பியோரத்தை விட்டுப் பின்னால் நிற்க வேண்டும். இது இரக்கத்தால் பிறந்த விதியன்று, ஒளியியலால் பிறந்தது. ஐந்தரை அடி ஆள் மூன்றடிப் பிள்ளையின் தலைக்கு மேலே பார்க்க முடியும். பிள்ளையால் பெரியவரின் இடுப்பை ஊடுருவிப் பார்க்க முடியாது.

முடிபு

ஆகவே குடும்பக் கப்பல் பிள்ளையோடு வராத பெரியவருக்கும் வசதி செய்ய வேண்டும், செய்தும் வருகிறது, அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது துணிபு. பிள்ளையின்மை என்பது அக்கப்பலில் ஒரு வேளை. பெற்றோர் அவ்வேளைக்குள் சில மணி நேரம் வந்து போகிறார்கள். மற்றவர் பயணம் முழுவதும் அதிலேயே தங்குகிறார்கள். வந்து போகிறவருக்குப் போட்ட நாற்காலியில் தங்குகிறவர் உட்கார்ந்தால் நாற்காலி ஒன்றும் கேட்பதில்லை.

நள்ளிரவை ஒட்டிப் பிள்ளைகளின் கூடங்கள் மூடப்படும். எடுத்துச் சென்ற குடங்களைத் திரும்பப் பெறும் நேரம் அது. உறங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் சாய்த்து, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்து, அறை எண்ணைத் தேடிக்கொண்டு பெற்றோர் அந்தக் குறுகிய நடைவழியில் வருவார்கள். எதிரே இரவுக் கூடத்திலிருந்து திரும்பும் இருவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்கள். இன்னொரு செருப்பு விழுந்து கிடந்தால் எடுத்துக் கொடுப்பவரும் அவர்களே. குனிவதற்கு அந்நேரத்தில் கை ஓய்ந்திருப்பவர் வேறு யாரும் இல்லை.